ஒரே இனம், பல மொழி: காச்சின் மலையில் குறிப்பேட்டைத் தொலைத்த எட்மண்ட் லீச் யார்?

1942-ம் ஆண்டு. பர்மா ஜப்பான் படைகளிடம் விழுந்துகொண்டிருந்தது. வடக்கு மலைகளைக் கடந்து சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குள் புகுந்து, குன்மிங் நகரிலிருந்து விமானம் ஏறி ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இந்தியா வந்து சேர்ந்தார். வயது 31. உயிர் தப்பியாச்சு. ஆனால் காச்சின் மலைக்கிராமம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கி எழுதிய குறிப்பேடுகள் போச்சு. எடுத்த போட்டோக்கள் போச்சு. அவற்றை வைத்து 1941-ல் எழுதியிருந்த கையெழுத்துப் பிரதியும் போச்சு.

ஒரு ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது. அவர் என்ன செய்தார்? இந்தியாவில் உட்கார்ந்து, அந்தக் கிராமத்தை ஞாபகத்திலிருந்தே மறுபடியும் எழுத ஆரம்பித்தார். யார் வீடு எங்கே இருந்தது, யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று ஒவ்வொன்றாக. சில பெயர்களும் எண்களும் குழம்பியிருக்கலாம் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஞாபகத்திலிருந்து வளர்ந்து 1954-ல் வெளிவந்த 'பொலிட்டிகல் சிஸ்டம்ஸ் ஆஃப் ஹைலேண்ட் பர்மா' என்ற புத்தகம், மானுடவியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் தாண்டிப்போக முடியாத ஒன்று.

அவர் பெயர் எட்மண்ட் லீச்.

எந்த மலை, எந்த மொழி?

மியான்மரின் வடகோடியில் இருக்கிறது காச்சின் மாநிலம். கிழக்கே சீனாவின் யுன்னான், மேற்கே இந்தியா, தெற்கே ஷான் மாநிலம். சமவெளியில் ஷான் மக்கள் நீர் பாய்ச்சி நெல் விளைவிப்பார்கள், பௌத்தர்கள். மலையில் இருப்பவர்கள் காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் விதைப்பார்கள். 'நாட்' எனப்படும் ஆவிகளை வணங்குவார்கள். (இன்று காச்சின் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இங்கே சொல்வது லீச் பார்த்த காலத்துக் கதை.)

மலையில் இருப்பவர்களை மொத்தமாகக் காச்சின் என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் எல்லோரும் பேசுவது ஒரே மொழியா? இல்லவே இல்லை. பெரிய மொழி ஜிங்போ. அதோடு ஸைவா, லாவோவோ, லாச்சிக், லிசு, ரவாங் என்று வரிசை நீளும். இதில் ஸைவாவை ஜிங்போ மக்கள் அட்சி என்பார்கள். லாவோவோவுக்கு மாரு என்றும், லாச்சிக்குக்கு லாஷி என்றும் வெளியார் வைத்த பெயர்கள் உண்டு. லீச்சின் புத்தகத்திலும் அட்சி, மாரு என்றுதான் இருக்கும்.

சுவாரசியமான விஷயம் இதுதான்: ஸைவா, லாவோவோ, லாச்சிக் மூன்றும் பர்மிய மொழியின் உடன்பிறப்புகள். ஜிங்போவோ தூரத்துச் சொந்தம். அதாவது மொழிக் குடும்பத்தின்படி பார்த்தால், மலையில் இருக்கும் ஸைவாக்காரர் பக்கத்து வீட்டு ஜிங்போக்காரரைவிட, எங்கோ கீழே சமவெளியில் இருக்கும் பர்மியருக்கு நெருக்கம். ஆனால் திருமணம், திருவிழா, குலப்பெயர், சண்டை, சமாதானம் எல்லாமே ஜிங்போக்காரரோடுதான்.

தமிழ் மாதிரியே ஸைவாவிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அது நமக்குப் பழக்கமில்லாத சங்கதி.

கணக்குப் படித்தவர் மலைக்கு வந்த கதை

லீச் பிறந்தது 1910 நவம்பர் 7-ல், இங்கிலாந்தின் சிட்மவுத் ஊரில். கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரியில் முதலில் கணிதம், பிறகு இன்ஜினீயரிங். 1932-ல் படிப்பு முடிந்ததும் சீனாவில் வியாபாரம் செய்துவந்த ஒரு பிரிட்டிஷ் கம்பெனியில் வேலை. ஆபீஸ் வேலை ஒத்துப்போகல. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பும் வழியில், தைவானுக்கு அருகே உள்ள போட்டல் டொபாகோ தீவுக்கு (இன்று லான்யு) போனார். அங்கே யாமி மக்களின் படகுகளையும் வீடுகளையும் இன்ஜினீயர் கண்ணோடு வரைபடம் வரைந்துகொண்டிருந்தவருக்கு, அந்த மனிதர்கள் மேலேயே ஆர்வம் திரும்பிவிட்டது.

லண்டனுக்கு வந்து, அன்றைக்கு மானுடவியலின் பெரிய தலையான மாலினோவ்ஸ்கியிடம் மாணவரானார். 1938-ல் ஈராக்கின் குர்திஸ்தானுக்குப் போனார். ஐரோப்பாவில் போர் மேகம் சூழ, அந்த ஆய்வு பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பர்மா. வந்து இறங்கிய சில நாளிலேயே நிஜமாகவே உலகப்போர் வெடித்தது. எங்கே போனாலும் போர் இவர் பின்னாலேயே வந்தது என்றுதான் சொல்லணும்.

ராணுவத்தில் சேர்ந்தாலும், 1940 வரை ஆய்வைத் தொடர அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. அப்படித்தான் பாமோ நகருக்குக் கிழக்கே, சீன எல்லையை ஒட்டிய பலாங் என்ற மலையூரில் தங்கினார். அந்த 1940-ல்தான் ரங்கூனில், ஓவியரும் எழுத்தாளருமான சீலியா பக்மாஸ்டருடன் அவருக்குத் திருமணமும் நடந்தது.

பலாங் கிராமத்தில் என்ன பார்த்தார்?

அந்தக் காலத்து மானுடவியல் பாடம் ரொம்ப எளிமையானது. ஒரு பழங்குடி என்றால் ஒரு மொழி, ஒரு பண்பாடு, ஒரு எல்லை. காலனி அதிகாரிகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வரைபடமும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தன. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிறம்.

பலாங் அதற்கு அடங்கவில்லை. சின்ன ஊர்தான். ஆனால் அங்கே ஜிங்போ பேசுபவர்கள், அட்சி பேசுபவர்கள், மாரு, லிசு, சீனம் பேசுபவர்கள் என ஐந்தாறு மொழிகள் புழங்கின. மொழி வேறாக இருந்தாலும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஒரே ஊர் அரசியலில் மோதிக்கொண்டிருந்தார்கள். இதில் எங்கே கோடு போட்டு, இது ஒரு பழங்குடி, அது இன்னொன்று என்று பிரிப்பது? கணக்குப் படித்த மூளைக்கு இந்தக் கேள்வி விடாமல் குடைந்தது.

பதிலைத் திருமண முறையில் தேடினார். இது தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். நம்மூரில் பல சமூகங்களில் மாமன் பொண்ணும் முறைப்பொண்ணு, அத்தை பொண்ணும் முறைப்பொண்ணு. காச்சின் மலையில் மாமன் மகள் முறை. அத்தை மகள் கூடவே கூடாது. இதனால் என்ன ஆகும்? எந்தக் குலத்திலிருந்து பெண் எடுக்கிறோமோ, அந்தக் குலத்துக்கே பெண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பெண் கொடுப்பவர்கள் 'மாயு', பெண் எடுப்பவர்கள் 'தாமா'. மாயுவுக்கு மரியாதை ஒரு படி மேல். மாடும் மற்ற செல்வமும் பரிசமாக மாயுவின் வீட்டுக்குப் போகும். அந்த மாட்டை வெட்டி விருந்து வைத்தால் கௌரவம் இன்னும் கூடும்.

இப்படியே போனால் உச்சியில் ஒரு தலைவர் குடும்பம் உருவாகும். அவருடைய ஆட்சிக்குள் யார் விலங்கைப் பலியிட்டாலும் அதன் தொடை ஒன்று அவருக்குப் போய்ச் சேரணும். தொடை தின்னும் தலைவர் என்பதே அங்கே பதவியைக் குறிக்கும் பேச்சு. (ஸைவா என்ற பெயரைப் பார்த்து யாரும் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம்!)

தலைவர்கள் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'கும்சா'. அதே மலையில், தலைவரே வேண்டாம், எல்லோரும் சமம் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. அது 'கும்லாவோ'. இரண்டும் இரண்டு தனி இனங்கள் இல்லை. ஒரே ஆட்கள்தான் காலப்போக்கில் இதிலிருந்து அதற்கும், அதிலிருந்து இதற்கும் ஊசலாடுகிறார்கள் என்றார் லீச். தலைவர் கொஞ்சம் பெரிய ஆளானதும் கீழே இருக்கும் ஷான் ராஜா மாதிரி நடக்க ஆசைப்படுவார். சொந்த மருமகன்களையே குடிமக்கள் போல நடத்துவார். சொந்தம் முறியும், கலகம் வரும், தலைவர் பதவி கவிழும். எல்லோரும் சமம் என்று ஆரம்பிக்கும் அந்த ஊரிலும் கொஞ்ச காலத்தில் பெண் கொடுத்தவர், எடுத்தவர் என்ற ஏற்றத்தாழ்வு மெல்லத் தலைதூக்கும். மறுபடியும் கும்சா.

இன்னும் ஒரு படி மேலே போனார். சமவெளிக்கு இறங்கி, நெல் விதைத்து, பௌத்தத்துக்கு மாறி, ஷான் பேச ஆரம்பித்தால் காச்சின் ஒருவர் ஷான் ஆகிவிடுகிறார். அப்படியானால் மொழியும் இனமும் பிறப்போடு ஒட்டிக்கொண்ட முத்திரைகள் அல்ல. மனிதர்கள் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும் அரசியல் நிலைப்பாடுகள். 1954-ல் இது லேசில் ஜீரணிக்க முடிந்த கருத்து இல்லை.

ஊர்க் கதைகளையும் அவர் இதே கோணத்தில்தான் பார்த்தார். பலாங்கில் ஒரே பழைய பகையை ஒவ்வொரு குலமும் தனக்குச் சாதகமாக ஒவ்வொரு மாதிரி சொல்லும். இதில் எது உண்மையான கதை என்று தேடுவதே வீண். கதை என்பது உரிமைச் சண்டை போடும் களம் என்பது அவர் முடிவு. பூர்வீகச் சொத்துத் தகராறு நடக்கும் வீட்டில் நாலு பேரிடம் தாத்தாவைப் பற்றி விசாரித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறிப்பேடு தொலைந்தது நல்லதுக்கா?

1942-ல் இந்தியா வந்த பிறகு, ஜப்பானியரை எதிர்த்த காச்சின் படைகளோடு வேலை செய்ய லீச் மறுபடி அனுப்பப்பட்டார். மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் பதவி இறக்கப்பட்டது தனிக் கதை. ஆனால் இந்தப் பணியால் பலாங்கைத் தாண்டி, காச்சின் மலைகளின் பல பகுதிகளைப் பார்த்தார். ஊருக்கு ஊர் ஏற்பாடு மாறுவதையும் பார்த்தார். போருக்குப் பின் நூலகத்தில் உட்கார்ந்து, நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய பயணக் குறிப்புகளையும் அரசு அறிக்கைகளையும் புரட்டி, 1947-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

1941-ல் அவர் எழுதியது ஒரே ஊரின் பொருளாதாரத்தை நுணுக்கமாக விவரிக்கும் ஆய்வு. அது பத்திரமாக இருந்திருந்தால், அதையே அச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாரோ என்னவோ. விவரங்கள் கையைவிட்டுப் போன பிறகுதான் ஒரு ஊரிலிருந்து விலகி, மொத்த மலையையும் நூறு வருஷ வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும் புத்தகம் வந்தது. அதே சமயம், ஞாபகத்தில் இருந்து எழுதியது எந்த அளவுக்கு நம்பகமானது என்ற சந்தேகமும் அந்தப் புத்தகத்தை விடாமல் துரத்துகிறது. இரண்டுமே நியாயம்.

புகழ், இலங்கை, வானொலி

மற்றதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1953-ல் கேம்பிரிட்ஜுக்கு மாறினார். 1954-ல் இலங்கையின் வறண்ட பகுதியில் புல் எலிய என்ற சிங்களக் கிராமத்தில், குளத்துப் பாசனமும் நில உரிமையும் எப்படிச் சொந்தபந்தத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஆராய்ந்தார். புத்தகம் 1961-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் தொகுத்து வெளியிட்ட சாதி பற்றிய கட்டுரைத் தொகுப்பில் தஞ்சாவூர்க் கிராமமும் யாழ்ப்பாணமும் இடம்பெற்றன. 1966 முதல் 1979 வரை கிங்ஸ் கல்லூரியின் தலைவர். அந்தக் காலத்தில்தான், 1972-ல், பெண்கள் அங்கே இளநிலை மாணவிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். 1967-ல் பிபிசி வானொலியில் ரீத் சொற்பொழிவுகள் ஆற்றினார். மூடிக்கிடக்கும் சிறு குடும்பம்தான் நம் மன அழுத்தத்தின் ஊற்று என்ற பொருளில் அவர் பேசியது பிரிட்டனில் பெரிய ரகளையானது. 1975-ல் சர் பட்டம். 1989 ஜனவரி 6-ல் காலமானார்.

காச்சின் மக்கள் என்ன சொல்கிறார்கள்?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. காச்சின் சமூகத்தைச் சேர்ந்த மொழியியல் அறிஞர் மாரான் லா ராவ் உள்ளிட்டோர், கும்சா, கும்லாவோ என்ற சொற்களை லீச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று கேள்வி எழுப்பினார்கள். காச்சின் ஷான் ஆவது அவர் காட்டியது போல அவ்வளவு சாதாரணமா என்ற விவாதமும் நடந்தது. 2007-ல் லீச்சின் புத்தகத்தை மறுபரிசீலனை செய்வதற்கென்றே ஒரு முழுத் தொகுப்பு வெளிவந்தது. மறுபக்கம், 2009-ல் ஜேம்ஸ் ஸ்காட் எழுதிய, அரசுகளிடமிருந்து தப்பி மலையேறிய மக்களைப் பற்றிய புகழ்பெற்ற நூல், லீச் போட்ட பாதையில் நடந்தது.

இன்னொரு குறையும் உண்டு. பலாங்கில் அட்சி பேசும் குடும்பங்கள் இருந்தும், லீச் உலகத்துக்குச் சொன்ன காச்சின் சொற்களில் பெரும்பாலானவை ஜிங்போ சொற்களே. மொழி எல்லை ஆகாது என்று காட்டிய புத்தகத்தில், சின்ன மொழிகள் பெரிய மொழியின் நிழலில்தான் நிற்கின்றன.

அடையாளம் ஊசலாடும் என்று எழுதுவது கேம்பிரிட்ஜில் சுலபம். மலையில் நிலைமை வேறு. காச்சின் விடுதலை அமைப்பு தோன்றி, 1961-ல் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. 1994-ல் வந்த போர் நிறுத்தம் 2011-ல் உடைந்தது. அதற்குப் பிறகு பல்லாயிரம் பேர் சீன எல்லை ஓர முகாம்களுக்கு இடம்பெயர்ந்தார்கள். நாங்கள் எல்லோரும் காச்சின் என்று ஒன்றாக நிற்பது அவர்களுக்குப் பலம். நாங்கள் ஸைவா, நாங்கள் லாவோவோ என்று தனித்துச் சொல்லிக்கொள்வதும் அவர்களுக்கு முக்கியம். இரண்டையும் ஒரே ஆள் சொல்ல முடியும், சொல்கிறார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவின் தேஹோங் பகுதியில், ஜிங்போ, ஸைவா, லாவோவோ, லாச்சிக் பேசுபவர்கள் ஜிங்போ என்ற ஒரே அதிகாரபூர்வ இனத்துக்குள் வருகிறார்கள். 2010 கணக்கெடுப்பில் சுமார் 1.48 லட்சம் பேர். இவர்களில் ஜிங்போ மொழி பேசுபவர்களைவிட ஸைவா பேசுபவர்களே அதிகம். லீச்சின் புத்தகம் வந்து மூன்று ஆண்டு கழித்து, 1957-ல், ஸைவாவுக்கு ரோமன் எழுத்து முறை ஒன்று வகுக்கப்பட்டது. அரசின் பட்டியலில் இனம் ஒன்றுதான். தேஹோங்கின் அரசு நாளேடு மட்டும் ஜிங்போவில் ஒரு பதிப்பு, ஸைவாவில் ஒரு பதிப்பு என்று தனித்தனியாக அச்சடித்து வந்திருக்கிறது.