ஜப்பானில் அறம் வளர்த்த போதிசேனர்

பாலக்காட்டுக் கணவாயை அடுத்த ஊர்களிலும், இடுக்கி மலையின் எல்லைத் தோட்டங்களிலும் வாழும் நம் பிள்ளைகளுள் ஒருவர், பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியும் வரலாறும் பயில விரும்புவதாகக் கூறின், அந்நாட்டிற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் பலர். அவர்கட்கு விடையாக விளங்குவது போதிசேனரின் வாழ்க்கை. அதனை இங்கு சுருங்கக் கூறுவோம்.

போதிசேனர் 704-ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பிறந்தவர். அவருடைய மாணவர் ஷூயெய் என்பார் எழுதிய வரலாறு, அவரைப் பாரத்துவாச கோத்திரத்துப் பிராமணர் என்று குறிக்கிறது. பிறந்த குலம் அவருக்கு எல்லையாக நிற்கவில்லை. புத்தர் பெருமானின் அறத்தை மேற்கொண்டு, மஞ்சுசிரீ போதிசத்துவரை வழிபடும் வேட்கையினால் சீனத்தின் வூதாய் மலையை நாடிச் சென்றார்.

அக்காலத்தில் ஜப்பானிய அரசின் தூதுக்குழு ஒன்று சீனத்தில் தங்கியிருந்தது. கல்வியிற் சிறந்த துறவியரைத் தம் நாட்டிற்கு அழைத்துச் செல்வதும் அக்குழுவினரின் நோக்கங்களுள் ஒன்று. அவர்கள் வேண்டுகோளுக்கு இசைந்த போதிசேனர், சீனத் துறவி தாவோசுவானும் சம்பா நாட்டுத் துறவி புத்தெட்சுவும் உடன்வர, 736-ஆம் ஆண்டு ஜப்பானை அடைந்தார். நனிவாத் துறைமுகத்தில் கியோகி என்னும் முதிய துறவி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். தலைநகராகிய நாராவில் தைஅன்ஜி விகாரை அவருக்கு உறைவிடமாயிற்று. அந்நாளைய விகாரைகளே பல்கலைக்கழகங்களாய் விளங்கின என்பதை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும். அங்கு அவர் வடமொழி கற்பித்தார்; அவதம்சக சூத்திரத்தை ஓதிப் பரப்பினார்.

அவர் சென்ற காலம் இன்பமான காலமன்று. 735 முதல் 737 வரை பெரியம்மை அந்நாட்டைப் பாழ்படுத்தியது. பஞ்சமும் கலகமும் தொடர்ந்தன. மக்கள் துயர் தீர வேண்டும் என்னும் எண்ணத்துடன், ஷோமு பேரரசர் 743-ஆம் ஆண்டு மாபெரும் வைரோசன புத்தர் சிலையை வார்க்க ஆணையிட்டார். 751-இல் போதிசேனர் சங்கத்தின் உயர்பதவியாகிய சோஜோ நிலைக்கு உயர்த்தப் பெற்றார்.

மறு ஆண்டு, 752-இல், தோதைஜி விகாரையில் சிலைக்குக் கண் திறக்கும் பெருவிழா நிகழ்ந்தது. பேரரசர் பதவி துறந்து நோயுற்றிருந்தமையால், கண் தீட்டும் பணி போதிசேனரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஏந்திய தூரிகையில் நீண்ட கயிறு பிணைக்கப்பட்டிருந்தது. கூடியிருந்தோர் அக்கயிற்றைப் பற்றி நின்றனர். கண் திறப்பின் புண்ணியம் ஒருவர்க்கே உரியதாகாமல் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. அத்தூரிகை இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் காக்கப்படுகிறது.

தாயகம் மீளாமலே 760-ஆம் ஆண்டு, மேற்கு நோக்கிக் கைகூப்பிய நிலையில் அவர் மறைந்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் வேற்று மக்களிடையே, அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தார்.

அவரைப் போன்றோர் வளர்த்த வடமொழி எழுத்துக் கல்வியின் பயனை இன்றும் காணலாம். ஜப்பானிய அசையெழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, மெய்வரிசையில் க, ச, த, ந என்றும், இறுதியில் ம, ய, ர, வ என்றும் செல்கிறது. இவ்வொழுங்கு, சித்தம் எனப்படும் இந்திய எழுத்து முறையைக் கற்ற துறவியர் வழியாகப் பிற்காலத்தில் உருப்பெற்றது. தமிழ் நெடுங்கணக்கை அறிந்த நம் பிள்ளை முதல்நாள் வகுப்பிலேயே இதனைக் கண்டு வியப்பெய்துவது உறுதி.

ஏடுகள் போதிசேனரைத் தென்னிந்தியர் என்றே கூறுகின்றன. அதற்கு மேல் ஓர் ஊரையோ ஒரு குலத்தையோ காட்டி உரிமை கொண்டாடுதல் நமக்கு அழகன்று. ஜப்பானியர் அவரைப் பிராமண சோஜோ என்றே அழைத்தனர் என்பது உண்மை. எனினும் அவர்கள் நெஞ்சில் நிலைத்தது அவர் பிறப்பன்று, அவர் ஆற்றிய பணியே. பிறப்பினாலன்றிச் செயலினாலேயே மனிதன் உயர்கிறான் என்னும் பகவானின் போதனையை ஏற்றுக்கொண்ட நாம், கண் திறந்தவரின் பெயரைக் காட்டிலும் கயிற்றைப் பற்றிய கைகளையே மிகுதியும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். கல்வி என்னும் அக்கயிறு நம் பிள்ளைகளின் கைக்கும் எட்டுமாறு செய்வோமாக.