எழுத்தையே காட்சியாக்கிய பார்மா அச்சாளர் போடோனி

தடித்த செங்குத்துக் கோடும் அதனருகே மயிரிழை போன்ற மெல்லிய கோடுமாய் நிற்கும் ரோமன் எழுத்துகளை, அலங்கார இதழ்களின் அட்டையில் கண்டிராதவர் அரிது. 'வோக்' இதழின் பெயரெழுத்தும் அவ்வகையைச் சேர்ந்ததே. இவ்வெழுத்து முறையை முழுமையுறச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஜாம்பாட்டிஸ்டா போடோனி.

இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியிலுள்ள சலுட்சோ என்னும் ஊரில், அச்சகம் நடத்திய குடும்பத்தில் 1740-ஆம் ஆண்டு பிறந்தார். பதினெட்டு வயதில் ரோம் சென்று, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைபரப்பு அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகச் சேர்ந்தார். கீழை நாட்டு மொழிகளின் எழுத்துகள் பலவற்றை வைத்திருந்த அச்சகம் அது. மலையாளத்தின் முதல் அச்சு நூல் 1772-இல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். ஆனால் அதற்குள் போடோனி ரோமை விட்டுச் சென்றிருந்தார். இங்கிலாந்துக்குச் செல்லப் புறப்பட்டவரை நோய் தடுத்தது.

1768-இல் பார்மா நாட்டுக் கோமகன் ஃபெர்டினாண்டின் அழைப்பு வந்தது. அரச அச்சகத்தை ஏற்ற போடோனி, தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து ஃபூர்னியேயின் எழுத்துகளையே பயன்படுத்தினார். பின்னர் எஃகு முனையில் எழுத்தைத் தாமே செதுக்கி, அதைச் செம்பில் பதித்து, அதில் ஈயக் கலவையை வார்த்துத் தம் எழுத்துகளை உருவாக்கினார். வழவழப்பான தாளும் நல்ல மையும் கிடைத்த காலம் அது. சொரசொரப்பான தாளில் அத்துணை மெல்லிய கோடு பதிந்திருக்காது. அகன்ற வெள்ளை ஓரம், பெரிய எழுத்து, குறைந்த சொற்கள் என்பதே அவர் பக்கங்களின் இலக்கணம். வேறிடத்து அழைப்புக்கு இணங்கி அவர் போய்விடுவாரோ என அஞ்சிய கோமகன், சொந்த அச்சகம் வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார். பின்னாளில் நெப்போலியனும் அவருக்கு ஓய்வூதியம் அளித்தார்.

எனினும் குறை இல்லாமல் இல்லை. அவர் பதிப்புகளில் அச்சுப் பிழைகள் மலிந்திருந்தன. பாரிஸில் அவருக்குப் போட்டியாளராயிருந்த தீதோ குடும்பத்தார் இதைச் சுட்டிக் குறைகூறினர். அக்குற்றச்சாட்டு நியாயமானதே. பார்ப்பதற்கென்றே நூல் செய்தவர், படிப்பவரைச் சற்று மறந்தார். எழுத்திலும் அதே குறை உண்டு: பெரிய அளவில் கம்பீரமாய்த் தோன்றும் அதே வடிவம், சிறிய அளவில் மெல்லிய கோடுகள் மங்கி, தடித்த கோடுகள் மட்டும் வரிசையாய் நின்று கண்ணைக் கூசச் செய்யும். ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மோரிஸ் இவ்வெழுத்தை அருவருப்பானது என்றே ஒதுக்கினார்.

1806-இல் கிறித்தவர்களின் ஆண்டவர் செபத்தை 155 மொழிகளில் அச்சிட்டார். தம் எழுத்துகள் அனைத்தையும் ஒரே நூலில் தொகுக்கும் பெரும்பணியே அவருடைய இறுதிக் கனவு. அது முடியுமுன் 1813 நவம்பரில் பார்மாவில் காலமானார். கணவரின் பணியை மனைவி மார்கெரிட்டா கைவிடவில்லை. அச்சகத்து மேலாளரின் துணையோடு 1818-இல் இரண்டு தொகுதிகளாக அதை வெளியிட்டார். அச்சிட்டவை 300-க்கும் குறைவான பிரதிகளே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வார்ப்பகம் ஒன்றில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் இவ்வெழுத்துக்குப் புத்துயிர் அளித்தார். அதன்பின் விளம்பரங்களும் இதழ்த் தலைப்புகளும் அதைத் தமதாக்கிக்கொண்டன. போடோனி செதுக்கிய எஃகு முனைகள் பல்லாயிரக்கணக்கில் பார்மாவின் பிலோட்டா அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.