காரணம் கேட்ட கைதி

ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு வேதியியல் மாணவன்

அரசு பெரிதா, தனி மனிதன் பெரிதா என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. மதுரையிலே பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்பை ஏந்தி நின்றாளே கண்ணகி, அவள் எழுப்பிய வினாவும் அதுதான். கோவலன் கள்வனா அல்லனா என்பது பிறகு. அவனை ஆராய்ந்து பாராமல், அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் கேளாமல், பொற்கொல்லன் ஒருவன் பேச்சை நம்பி வெட்டி வீழ்த்த வேந்தனுக்கு உரிமை உண்டா என்பதே அவள் வழக்கு. பள்ளியில் அக்கதையைப் படித்த நாம் எல்லோரும் கண்ணகியின் பக்கமே நின்றோம். ஆனால் நம் குடியரசு பிறந்த ஆண்டிலேயே அதே வினாவை எழுப்பிய ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சென்ற ஆண்டு வரை நானும் அறியேன்.

அறிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்.கே.புரத்தில் சித்தப்பாவின் அரசுக் குடியிருப்பில் தங்கித்தான் நான் படிக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, ஆய்வுக்கூடத்திலிருந்து நேரங்கழித்துத் திரும்பிக்கொண்டிருந்த என் நண்பன் ஒருவனைக் காவலர் இருவர் வழியில் நிறுத்தினர். பையில் சில கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. அவனுக்கு இந்தி வராது. அவர்களுக்கு அவன் ஆங்கிலம் பிடிபடவில்லை. நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஒரு பலகையில் உட்கார வைத்துவிட்டார்கள். செய்தி எட்டி நானும் சித்தப்பாவும் ஓடினோம். எதற்காகப் பிடித்தீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு நா எழவில்லை. கெஞ்சுவது ஒன்றே எனக்குத் தெரிந்திருந்தது. அப்போது எங்களுடன் வந்திருந்த பக்கத்து வீட்டு மலையாளப் பெரியவர், ஓய்வுபெற்ற அலுவலர், குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: பையனைப் பிடித்ததற்குக் காரணம் என்ன, அதை எழுதிக் கொடுக்க இயலுமா என்று. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் விடியுமுன் நண்பன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

மறுநாள் தேநீர் அருந்தியபடி அந்தப் பெரியவர் சொன்ன பெயர்தான் ஏ.கே.கோபாலன். காரணம் கேட்பது எப்படி என்று இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர் என்றார். அன்று தொடங்கி நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கோபாலன் 1904 அக்டோபர் 1ஆம் நாள் வடமலபாரில், கண்ணூரை அடுத்த பகுதியில் பிறந்தார். தலைச்சேரியில் கல்வி கற்றுப் பள்ளி ஆசிரியரானார். நிலையான வேலை, நிம்மதியான வாழ்வு. ஆனால் அவர் உள்ளம் வகுப்பறைக்குள் அடங்கவில்லை. 1927இல் காங்கிரசில் சேர்ந்தார். 1930இல் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அடுத்த ஆண்டு குருவாயூர்க் கோயிலை எல்லாச் சாதியினர்க்கும் திறந்துவிட வேண்டும் என்று கேளப்பன் தலைமையில் நடந்த அறப்போரில் தொண்டர் படைத் தலைவராக நின்று அடிபட்டார். 1936இல் பசியால் வாடிய மக்களின் குறையைச் சொல்ல, மலபாரிலிருந்து சென்னை வரை கால்நடையாகப் பட்டினி ஊர்வலம் ஒன்றை நடத்திச் சென்றார். பின்னர்ப் பொதுவுடைமையாளரானார்.

அவர் மலையாளி ஆயிற்றே, தமிழ் மாணவர் இதழில் அவருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை மலபார் சென்னையின் ஒரு மாவட்டம். அவர் எதிர்த்து நின்ற அரசு சென்னை அரசு. அவர் 1941இல் தப்பிச் சென்ற சிறை நம் வேலூர்ச் சிறை. தப்பியவர் உலகப்போர் முடியும் வரை பிடிபடவே இல்லை. இந்திய அரசியல் சட்டத்தைப் படிப்போர் முதலில் படிக்கும் பெருவழக்கின் பெயரிலேயே அவரும் சென்னை மாநிலமும் எதிரெதிராக நிற்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கதையே.

1947 ஆகஸ்டு 15 வந்தது. நாடெங்கும் விழா. அந்த விடுதலைக்காகப் பாடுபட்ட கோபாலனோ கண்ணூர்ச் சிறையில் தனிக்கொட்டடியில் இருந்தார். அன்று காலை தேசியக் கொடியை ஏந்திச் சிறைக்குள்ளேயே நடந்தார் அவர். வெள்ளையன் ஆட்சி போயிற்று. பூட்டு மட்டும் போகவில்லை. சில கிழமைகளில் விடுதலை பெற்றார். ஆனால் அந்த டிசம்பரிலேயே மீண்டும் சிறை புகுந்தார். சில வழக்குகளில் கிடைத்த தண்டனைகள் பின்னர் நீக்கப்பட்டும் அவர் வெளியே வரவில்லை. ஓர் ஆணை முடிந்தால் அடுத்த ஆணை காத்திருந்தது.

அரசின் பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 1948இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கவிழ்க்கும் கிளர்ச்சிப் பாதையை மேற்கொண்டிருந்தது. தெலங்கானாவில் ஆயுதப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிவினையின் குருதி உலரவில்லை. காந்தியடிகளை இழந்த புண்ணும் ஆறவில்லை. இளம் குடியரசு அஞ்சியதில் வியப்பில்லை. அந்த அச்சத்தில் 1950 பிப்ரவரி 25ஆம் நாள், உள்துறை அமைச்சர் சர்தார் பட்டேல் கொண்டுவந்த தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து முப்பது நாள்தான் ஆகியிருந்தது. குற்றம் செய்தவனைத் தண்டிப்பது வேறு. குற்றம் செய்யக்கூடும் என்று ஐயுற்று ஒருவனை அடைத்துவைப்பது வேறு. இச்சட்டம் இரண்டாவது வகை. மார்ச் 1ஆம் நாள், ஏற்கெனவே சிறையில் இருந்த கோபாலனிடம் புதிய சட்டத்தின் கீழ்ப் புதிய ஆணை நீட்டப்பட்டது.

கோபாலன் நீதிமன்றத்தை நாடினார். அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு அனுப்பினார். கிளர்ச்சியைப் பேசிய கட்சிக்காரர், தாம் எதிர்த்த அரசின் சட்டப் புத்தகத்தையே கையில் எடுத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருக்காக வாதாடியவர் சென்னை வழக்கறிஞர் எம்.கே.நம்பியார். எதிரே சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் இராஜா ஐயரும், இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர் செதல்வாடும் நின்றனர்.

வழக்கின் உயிர்நிலை 21ஆம் பிரிவில் இருந்தது. சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பறிக்கலாகாது என்பது அதன் கருத்து. சட்டம் என்றால் என்ன? மன்றத்தில் பெரும்பான்மையினர் கைதூக்கி நிறைவேற்றும் எதுவும் சட்டமா? இல்லை, நடுநிலையான விசாரணை, காரணம் அறியும் உரிமை ஆகிய இயற்கை நீதியும் அச்சொல்லுக்குள் அடங்குமா? அடங்கும் என்றார் நம்பியார். அரசியல் நிர்ணய சபையிலேயே இந்தப் போர் நடந்திருந்தது. அமெரிக்க நாட்டு அரசியல் சட்டத்தில் உள்ளது போன்று நியாயமான நடைமுறை என்னும் பொருள் தரும் தொடரைச் சேர்க்க முதலில் எண்ணினர். பின்னர் அதை விடுத்து, ஜப்பானியச் சட்டத்தை ஒட்டிய தொடரை வைத்தனர். நீதிபதிகளின் கையில் அளவுகடந்த ஆற்றல் போய்விடும் என்ற அச்சமே காரணம். அந்த மாற்றத்தை ஆதரித்தவர்களில் நம் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர்.

1950 மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி கனியா உள்ளிட்ட அறுவர் அமர்ந்த ஆயத்தில் நால்வர் கோபாலனின் மனுவைத் தள்ளினர். சென்னையிலிருந்து சென்ற பதஞ்சலி சாஸ்திரியும் அந்நால்வரில் ஒருவர். சட்டமன்றம் முறைப்படி இயற்றியதே சட்டம். அது நியாயமானதா என்று எடைபோடுவது இப்பிரிவின் கீழ் நீதிமன்றத்தின் வேலையன்று என்பது அவர்கள் முடிவு. பஸல் அலியும் மகாஜனும் மாறுபட்டனர். நடைமுறை என்ற சொல்லுக்குள்ளேயே அறிவிப்பும், தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பும், நடுநிலையான மன்றமும் அடங்கியுள்ளன என்று எழுதினார் பஸல் அலி.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இதில் உள்ள சிக்கல் எளிதில் விளங்கியது. ஆய்வுக்கூடத்தில் தராசும் எடைக்கற்களும் பொருளை விற்பவன் செய்து கொடுத்தவையாகவே இருந்தால், நிறுத்துப் பார்ப்பதில் என்ன பொருள்? சட்டத்தை இயற்றுவதும் ஆட்சி, அச்சட்டம் போதுமானதா என்று சொல்வதும் ஆட்சி என்றால், குடிமகனின் உரிமை ஆட்சியின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி நிற்கும்.

ஆயினும் கோபாலன் முழுதும் தோற்றார் எனல் பொருந்தாது. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு விந்தையானது. தன்னை அடைத்ததற்கு அரசு தந்த காரணத்தைக் கைதி நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றது அது. அறுவரும் ஒருமுகமாக அதைச் செல்லாது என்று அடித்துவிட்டனர். கைதியின் வாயைக் கட்டிவிட்டு நீதி வழங்க இயலாது என்பது அன்றே உறுதியாயிற்று. வழக்கில் தோற்ற மனிதர் நாட்டுக்கு வென்று தந்த முதல் வெற்றி இது.

அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே 1951இல் தடுப்புக் காவல் சட்டத்தின் ஆயுள் நீட்டப்பட்டபோது உள்துறை அமைச்சராக இருந்தவர், வெள்ளையர் சிறையில் வாடிய நம் இராஜாஜி! ஆட்சிக் கட்டில் எவரையும் மாற்றிவிடுகிறது.

இங்கே ஒரு செய்தி. உச்ச நீதிமன்றம் இன்றைய திலக் சாலைக் கட்டடத்துக்கு 1958இல்தான் குடிபெயர்ந்தது. அதற்கு முன் அது நாடாளுமன்றக் கட்டடத்திலேயே இயங்கிற்று. கோபாலனின் மனு தள்ளப்பட்டது அங்கேதான். 1952இல் அதே கட்டடத்துக்குள் கண்ணூர் மக்களின் உறுப்பினராக அவர் நுழைந்தார்! ஐந்து முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அங்கே பொதுவுடைமைக் குழுவின் தலைவராக விளங்கினார். காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளரைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். அச்சங்கங்களின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் 1957 அக்டோபர் 27ஆம் நாள் இந்தப் புதுதில்லியில்தான் திறக்கப்பட்டது. கன்னாட் பிளேசுக்குச் சென்று மலிவு விலையில் காப்பி குடிக்கும் நம்மில் பலர் அவருக்குக் கடன்பட்டவர்களே.

1975இல் நெருக்கடி நிலை வந்தது. எழுபதைத் தாண்டிய கோபாலன் அந்த ஜூலையில் மக்களவையில் எழுந்து நின்று அதனை எதிர்த்தார். 1976 ஏப்ரல் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நெருக்கடிக் காலத்தில் அடைபட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை நாட இயலாது என்று தீர்ப்பளித்தது. ஐவரில் எச்.ஆர்.கன்னா ஒருவரே மாறுபட்டார். 1950இல் நட்ட விதை இருபத்தாறு ஆண்டில் காய்த்த காய் அது. 1977 மார்ச் 21ஆம் நாள் நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 22ஆம் நாள், கோபாலன் திருவனந்தபுரத்தில் கண்மூடினார். பூட்டுத் திறக்கும் ஓசையைக் கேட்டுவிட்டுப் போனார் போலும்!

அவர் கேட்டது பின்னர்க் கிடைத்தது. 1978இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், நடைமுறை என்றால் அது நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் நிறைவேறிய 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21ஆம் பிரிவை நிறுத்திவைக்க இயலாது என்று ஆக்கியது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2017இல் வெளிப்படையாகவே களையப்பட்டது. பஸல் அலி தனியே எழுதியது நாட்டின் சட்டமாயிற்று.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை, நண்பர்களே. கைதானவனுக்குக் காரணம் சொல்லவேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்று சொல்லும் 22ஆம் பிரிவே, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கு இவை பொருந்தா என்றும் சொல்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் 1969இல் காலாவதியாயிற்று. ஆனால் 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இவ்விரண்டின் கீழும் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்துவைக்க இயலும்.

நான் கோபாலனின் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். அவர் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. அக்கொள்கையின் பெயரால் அயல்நாடுகளில் நடந்த ஆட்சிகள் எத்தனையோ பேரைக் காரணம் சொல்லாமல் அடைத்ததையும் நான் அறிவேன். அதனால்தான் அவர் வழக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. நமக்குப் பிடித்தவனின் உரிமைக்காக வாதாட ஊரே திரளும். நமக்குப் பிடிக்காதவனின் உரிமை காக்கப்பட்டால்தான் நம் உரிமை உறுதி. ஆட்சிகள் மாறும், பிடித்தவர் பிடிக்காதவர் ஆவார், பூட்டு மட்டும் அங்கேயே தொங்கும்.

அந்தக் குளிர்கால இரவை இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன். எண்ணற்ற வேதிச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்திருந்த எனக்கு, என் நண்பனுக்காகக் கேட்க வேண்டிய ஒரு வினா தெரியவில்லை. தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நமக்கு, கெஞ்சுவதற்கும் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். 21ஆம் பிரிவையும் 22ஆம் பிரிவையும் ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். இரண்டும் சேர்ந்து இரண்டு பக்கமும் வாரா.

இன்று அந்தப் பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்குச் சம்விதான் சதன் என்று பெயர். அரசியல் சட்ட இல்லம் என்பது அதன் பொருள். பேருந்தில் அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு இருவர் நினைவு வருகிறது. ஒருவர் கையில் ஒற்றைச் சிலம்பு. மற்றவர் கையில் ஒற்றை மனு. இருவரும் கேட்டது ஒன்றே: காரணம் என்ன?