சுப்பிரமணியன் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (அக்டோபர் 19, 1910 – ஆகஸ்ட் 21, 1995) இந்தியாவில் பிறந்த அமெரிக்க வானியற்பியலாளர். 1983 ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசை வில்லியம் பவுலருடன் பகிர்ந்துகொண்டார். விண்மீன் ஆய்வுகளுக்காகவே பெரிதும் அறியப்படும் இவர், பாய்மங்களின் நிலைத்தன்மை குறித்தும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தார்.

வாழ்க்கை

லாகூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930 இல் கேம்பிரிட்ஜ் சென்றார். வெண் குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அக்கப்பல் பயணத்திலேயே கணித்தார். 1935 சனவரியில் எடிங்டன் இம்முடிவை அவையறிய மறுத்தார். முடிவு சரியானதே எனினும் அது ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. சந்திரசேகர் வாதத்தைத் தொடராமல், அதுவரை கண்டதை 1939 இல் நூலாக்கிவிட்டு வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையில் ஆழ்ந்து, அதைப்பற்றி நூலெழுதி, பின் அதைவிட்டு நீங்குவது இவரது வாழ்நாள் வழக்கமாயிற்று. 1937 முதல் இறுதிவரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

நிலைத்தன்மை ஆய்வுகள்

கீழிருந்து சூடாக்கப்படும் நீர்மப் படலம், வெப்பநிலை வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டும்வரை அசையாதிருக்கும். தாண்டியதும் சுழலத் தொடங்கும். நீர்மம் மின்கடத்தியாக இருந்து, காந்தப்புலத்தில் வைக்கப்பட்டால் இவ்வரம்பு எவ்வளவு உயரும் என்பதை 1952 இல் கணக்கிட்டார். சிகாகோவில் நகாகாவா பாதரசத்தைக் கொண்டு செய்த சோதனைகள் இதனை உறுதிசெய்தன. காந்தப்புலத்தின் வலிமையைக் குறிக்கும் அளவு இன்று சந்திரசேகர் எண் எனப்படுகிறது. சந்திரசேகர் எல்லையை அறிந்த மாணவர் பலர் இந்த எண்ணை அறியாதிருப்பது வியப்பே. இவ்வாய்வுகள் 1961 இல் பெருநூலாக வெளிவந்தன.

உலோகவியலிலும் இதையொத்த வினா உண்டு. கலப்புலோகம் ஒரு முனையிலிருந்து உறையும்போது, திண்மத்துக்கும் நீர்மத்துக்கும் இடையிலான தளம் சமமாக நீடிக்குமா? அத்தளத்தில் தோன்றும் சிற்றலை வளர்ந்தால் கண்ணறைகளும் கிளைப் படிகங்களும் உண்டாகும். தேய்ந்தால் தளம் சமமாகவே முன்னேறும். இதற்கான கணக்கை 1963-64 இல் முல்லின்ஸ், செக்கெர்க்கா ஆகியோர் வகுத்தனர். இது சந்திரசேகரின் பணியன்று. சிறு குலைவைப் புகுத்தி அது வளர்கிறதா எனப் பார்க்கும் முறை மட்டுமே பொதுவானது. ஆயினும் உருகிய உலோகத்தில் எழும் வெப்பச்சலனம் உறையும் பொருளின் சேர்மானத்தைக் கெடுக்கும்போது அவரது கணக்கு நேரடியாகவே பயன்படுகிறது. சிலிக்கன் படிகங்களை வளர்க்கையில் இச்சலனத்தை அடக்கக் காந்தப்புலம் பயன்படுத்தப்படுவதுண்டு.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1985 இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையின் குளிர்விப்பான் திரவ சோடியம். மின்கடத்தும் இந்த உலோக நீர்மமும் காந்தப்புலத்தில் இதே விதிகளுக்கு உட்பட்டது.