ஆசனத்தை இழந்த கேற் முதலியார்

1965 மார்ச் பொதுத் தேர்தலில் கல்முனைத் தொகுதி மக்கள் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டு நிரூபணமாகியிருப்பதாக ஓர் ஆணைக்குழு அறிக்கையிட்டு அப்போது ஏறக்குறைய ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. அந்த அறிக்கை இரகசியமானதல்ல. தெரிந்துதான் மக்கள் வாக்களித்தார்கள். ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் அவருடைய ஆசனம் பறிபோனது. அதைப் பறித்தது வாக்காளர்களும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. பாராளுமன்றம் அவரது பெயரைக் குறித்து நிறைவேற்றிய ஒரு சட்டமே அதைப் பறித்தது.

காரியப்பர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மூத்தவர்களுக்கு அவர் இன்றும் 'கேற் முதலியார்'தான். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கோ அவர் ஒரு வழக்கின் பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மனிதரின் கதை, பணமும் பதவியும் வாக்கும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்டுகிறது. ஒவ்வொரு தேர்தலிலும் அந்தக் கதை வேறு பெயர்களோடு திரும்பி வருகிறது.

வன்னியனார் காலம்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கித் தெற்கே கல்முனை வரை நீள்கிறது. அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிக்கப்படும் வரை கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டம்தான். கடலோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள். அந்த வயல்களின் சொந்தக்காரரான போடியாரின் சொல்லுக்கு ஊரில் ஒரு தனி எடை இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த காரியப்பர் இந்த உலகத்தில் வளர்ந்தவர். பிரித்தானியர் ஆட்சியில் கிழக்கின் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வன்னியனார் இருந்தார். கரைவாகு, நிந்தவூர்ப் பற்றுகளின் வன்னியனாராக இருந்தவர் காரியப்பர். தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டபோது அவர் பிரதேச வருமான அதிகாரியானார். கேற் முதலியார் என்பது அரசு அவருக்கு வழங்கிய கௌரவப் பட்டம்.

இந்தப் பதவிகளின் தன்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். காணி அனுமதி, வாய்க்கால் தகராறு, பிறப்புப் பதிவு, பொலிஸ் விவகாரம் எல்லாவற்றுக்கும் மக்கள் போய் நின்ற வாசல் அது. அந்த வாசலில் உதவி பெற்றவர் கடன்பட்டவர் ஆகிறார். நெல்லாகவோ உழைப்பாகவோ பணிவாகவோ அந்தக் கடன் திரும்பிச் செலுத்தப்படும். வாக்குரிமை வந்த பிறகு வாக்காகவும் செலுத்தப்பட்டது. இன்று நாம் தேர்தல் செலவு என்று சொல்வதன் பழைய வடிவம் இதுதான். பணம் கைமாற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. செல்வாக்கே முதலீடு.

கட்சிகள் மாறின, தொகுதி மாறவில்லை

1947இல் முதலாவது பாராளுமன்றத்துக்குக் கல்முனையிலிருந்து ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் காரியப்பர் தெரிவானார். 1952இல் ஆசனம் ஏ. எம். மிர்ஸாவிடம் போனது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற கோஷம் தெற்கில் எழுந்தபோது, கிழக்கில் தமிழ் பேசும் முஸ்லிம்களையும் இணைத்துக்கொண்டு தமிழரசுக் கட்சி தேர்தலில் இறங்கியது. வீட்டுச் சின்னத்தில் கல்முனையில் காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் வென்றார்கள். அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த பத்து ஆசனங்களில் இரண்டு இவை.

அந்த இரண்டு ஆசனங்களும் கட்சியிடம் நிலைக்கவில்லை. இருவரும் சில காலத்தில் அரசாங்கத்தின் பக்கம் போனார்கள். முஸ்தபா பின்னர் தஹநாயக்க அரசாங்கத்தில் நிதியமைச்சராகவும் இருந்தார். தமிழ் மக்களின் அரசியல் நினைவில் இது முதல் பெரிய கட்சித் தாவலாகப் பதிந்தது. தமிழ், முஸ்லிம் அரசியல் உறவில் விழுந்த ஆரம்பக் கீறல்களில் இதுவும் ஒன்று.

இதை ஒரு சமூகத்தின் குணமாக வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1979இல் என்ன நடந்தது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1956 முதல் மட்டக்களப்பின் உறுப்பினராக இருந்த செல்லையா இராசதுரை, தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு ஜே. ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். ஆசனம் பறிபோகாமல் கட்சி மாறும் வழியை அதற்குச் சற்று முன்னர்தான் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் திறந்து விட்டிருந்தது. அது அவருக்காகவே கொண்டுவரப்பட்டது என்று அப்போதே பேசப்பட்டது. கொழும்பில் அதிகாரம், கிழக்கில் தேவை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் எல்லாச் சமூகத்துப் பிரதிநிதிகளையும் இழுத்திருக்கிறது.

ஆணைக்குழுவும் சட்டமும்

1959இல் பாராளுமன்ற உறுப்பினர்கள் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. தல்கொடப்பிட்டிய ஆணைக்குழு என்று அது அறியப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் அரசாங்க சபை உறுப்பினர்களைப் பற்றி எல். எம். டி. டி சில்வா நடத்திய விசாரணைக்குப் பிறகு, சட்டசபைக்காரரின் கைச்சுத்தத்தைப் பரிசோதித்த பெரிய முயற்சி அது. 1960இல் அறிக்கை வெளிவந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிலரில் காரியப்பரும் ஒருவர்.

அதன் பிறகு நீண்ட மௌனம். 1954இலிருந்தே இலஞ்சச் சட்டம் இருந்தும், காரியப்பரின் ஆசனம் பறிபோனது ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் அல்ல. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சி 1960 முதல் 1965 வரை நடந்து முடிந்தது. அறிக்கை அறிக்கையாகவே கிடந்தது. காரியப்பர் அகில இலங்கை இஸ்லாமிய ஐக்கிய முன்னணி என்ற அமைப்பை உருவாக்கி 1960இல் அரசியல் செய்தார். கிழக்கு முஸ்லிம்களுக்கான தனிக்கட்சி முயற்சிகளில் அது முன்னோடி. 1960 ஜூலைத் தேர்தலில் கல்முனை தமிழரசுக் கட்சியின் எம். சி. அகமதுவைத் தெரிவு செய்தது. 1965இல் மீண்டும் காரியப்பரையே தெரிவு செய்தது.

ஏன்? தொகுதி மக்கள் இலஞ்சத்தை ஆதரித்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கொழும்பில் ஓர் உறுப்பினர் எதை வாங்கினார் என்பது கல்முனை விவசாயிக்குத் தூரத்துச் செய்தி. தன் பிள்ளையின் வேலைக்கு, தன் காணிக்கு யார் கடிதம் தருவார் என்பது பக்கத்துச் செய்தி. அரச சேவை உரிமையாகக் கிடைக்காமல் ஒருவருடைய தயவாகக் கிடைக்கும் இடத்தில், அந்த ஒருவரின் கை சுத்தமா என்ற கேள்விக்கு வாக்காளர் கொடுக்கும் மதிப்பு குறைந்துவிடுகிறது.

1965இல் டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கம் வந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் காரியப்பரை வேட்பாளராக நிறுத்திய தமிழரசுக் கட்சி இப்போது அந்த அரசாங்கத்தில் பங்காளி. அந்த வருடத்தின் 14ஆம் இலக்கச் சட்டமாக, குடியியல் தகைமையீனங்களை விதிக்கும் விசேட ஏற்பாடுகள் சட்டம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது. அதன்படி, பெயர் குறிக்கப்பட்டவர்கள் ஏழு ஆண்டுகளுக்கு வாக்களிக்கவோ தேர்தலில் நிற்கவோ பாராளுமன்றத்தில் அமரவோ முடியாது. காரியப்பரின் ஆசனம் வெற்றிடமானது.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தன்னை உறுப்பினராக ஏற்று, உறுப்பினருக்குரிய சம்பளத்தையும் தருமாறு கட்டளையிடக் கோரி, பிரதிநிதிகள் சபையின் செயலாளர் சாம் விஜேசிங்கவுக்கு எதிராக உயர் நீதிமன்றம் போனார். ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, பாராளுமன்றம் அதைச் செய்ய முடியாது என்பது அவருடைய வாதம். அங்கே தோற்றதும், பிரிவி கவுன்சில் என்று அறியப்பட்ட இலண்டன் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார்.

அந்த வாதம் வலுவற்றதல்ல. 1962 இராணுவச் சதி முயற்சி வழக்கில், குறிப்பிட்ட ஆட்களைத் தண்டிப்பதற்காகவே இயற்றப்பட்ட சட்டத்தை நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுவது என்று சொல்லி, இதே கோமறைக் கழகம் 1965 டிசம்பரில் செல்லுபடியற்றதாக்கி எதிரிகளை விடுவித்திருந்தது. ஆனால் காரியப்பர் வழக்கில் 1967இல் வந்த தீர்ப்பு வேறு. இந்தச் சட்டம் யாரையும் குற்றவாளி என்று பிரகடனம் செய்யவில்லை, பொது வாழ்வைச் சுத்தமாக வைத்திருப்பதே இதன் நோக்கம், மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருப்பதால் அரசியலமைப்புத் திருத்தமாகவும் இது செல்லும் என்று அது முடிவு செய்தது. பொதுநலவாய நாடுகளின் சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் இடம்பிடித்தது அப்படித்தான்.

அதே ஆயுதம், வேறு ஆட்கள்

இலஞ்சம் வாங்கியவர் பாராளுமன்றத்தில் இருக்கக்கூடாது என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் குடியுரிமையைப் பெரும்பான்மை வாக்கால் பறிக்கும் ஆயுதம் இலஞ்சக்காரரோடு நிற்கவில்லை. 1980இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழு வருடங்களுக்குப் பறிக்கப்பட்டது. 1983 ஆகஸ்டில், ஜூலைப் படுகொலைகளின் சூடு ஆறுமுன், ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பவருக்கு அதில் விதிக்கப்பட்ட தண்டனைகளுள் ஒன்று ஏழு வருடங்கள் வரையான குடியியல் தகைமையீனம். அந்தச் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். கிழக்கும் வடக்கும் பாராளுமன்றத்தில் குரலற்றுப் போன அந்த வருடங்களில்தான் போர் பெருத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. காரியப்பர் காலத்துத் தேர்தல் சட்டத்தில் வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு இருந்தது. கணக்கும் காட்ட வேண்டும். 1981இல் புதிய பாராளுமன்றத் தேர்தல் சட்டம் வந்தபோது அந்த வரம்பு போனது. அதன் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேலாக யார் யாருக்காக எவ்வளவு செலவழித்தார் என்று கேட்கச் சட்டம் இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம்தான் வரம்பை மீண்டும் கொண்டுவந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று வரம்பு வைக்கப்பட்டது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் நன்கொடை, செலவு விவரங்களைக் கொடுக்க வேண்டும். அவற்றைப் பொதுமக்கள் பார்வையிடலாம்.

போரில் வீடும் தொழிலும் இழந்த குடும்பத்துக்குத் தேர்தல் நேரத்தில் வரும் உலருணவுப் பொதியையோ கூரைத் தகட்டையோ வேண்டாம் என்று சொல்லும்படி யாரும் உபதேசிக்க முடியாது. அது அவர்களுக்கு ஏற்கனவே கிடைத்திருக்க வேண்டியது. கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பொதிக்குப் பணம் கொடுத்தவர் யார், தேர்தலுக்குப் பிறகு அவர் மணல் அனுமதியாகவோ ஒப்பந்தமாகவோ காணியாகவோ எதைத் திருப்பி எடுத்தார் என்பது. 1960இல் கல்முனை வாக்காளர் ஓர் ஆணைக்குழுவின் அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று தேர்தல் முடிந்த சில வாரங்களில் வேட்பாளர்களின் செலவு விவரம் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே போய் அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வேலை நம்முடையது.