பார்த்து எழுதினான் என்று பழி சுமந்த புனிதர்



இளைஞரின் தந்தை எனத் திருச்சபை போற்றும் புனித ஜான் போஸ்கோவை அறியாதார் நம்மிடையே இல்லை. ஒன்பதாம் வயதில் அவர் கண்ட கனவையும், கயிற்றின்மேல் நடந்து காட்டிச் சிறுவர்களைச் செபத்திற்குச் சேர்த்ததையும் நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள். ஆனால் பள்ளியில் படித்த காலத்தில் அவர்மேல் விழுந்த ஒரு பழியைப் பற்றிப் பலர் அறியார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய வரலாறு அது. ஆகவே இவ்விழா மலரில் அதையே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வட இத்தாலியில் காஸ்தெல்நுவோவோ என்ற ஊரைச் சேர்ந்த பெக்கி என்னும் குக்கிராமத்தில் 1815 ஆகஸ்ட் 16-ல் ஜான் பிறந்தான். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை பிரான்சிஸ் காலமானார். விதவையான தாய் மார்கரெட் அம்மாள் நிலத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். ஏர் பிடிப்பவனுக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு என்பது மூத்தாள் மகன் அந்தோனியின் எண்ணம். வீட்டில் சச்சரவு முற்றவே, 1828-ல் ஜான் வேறொருவர் பண்ணையில் வேலைக்குப் போக நேர்ந்தது. பின்னர் கலோசோ என்ற முதிய குரு அவனுக்கு அன்போடு இலத்தீன் கற்பித்தார். ஆனால் 1830 நவம்பரில் அவரும் இறந்துவிட்டார்.

அந்த ஆண்டின் இறுதியில்தான் ஜான் காஸ்தெல்நுவோவோ ஊர்ப் பள்ளியில் சேர்ந்தான். வயதோ பதினைந்து, உடன் அமர்ந்தவர்கள் தன்னைவிட மிகச் சிறியவர்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் பல கிலோமீட்டர் நடந்தே பள்ளிக்கு வந்து சென்றான். பிறகு தாய் அவனை இராபர்ட் என்ற தையற்காரர் வீட்டில் தங்க வைத்தார். அங்கே ஓய்வு நேரத்தில் தையற்கலையையும் கற்றுக்கொண்டான்.

பள்ளி ஆசிரியரான விரானோ என்ற குரு அவனை நன்கு நடத்தினார். 1831-ல் அவர் மொந்தோனியோ பங்கிற்கு மாற்றலாகிச் செல்ல, மோலியா என்ற வயது முதிர்ந்த குரு பொறுப்பேற்றார். வகுப்பை அடக்கி ஆளும் வலிமை அம்முதியவருக்கு இல்லை. பெக்கி கிராமத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற எண்ணமும் அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது.

ஒருநாள் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இலத்தீன் மொழிபெயர்ப்புத் தேர்வு நடந்தது. தானும் அதை எழுத ஜான் அனுமதி கேட்டான். காளான் பறிக்கவும் குருவிக்கூடு தேடவும் பிறந்தவனுக்கு இலத்தீன் எதற்கு என்று ஆசிரியர் ஏளனம் செய்தார். பையன் மறுபடியும் பணிவோடு கேட்கவே, வேண்டாவெறுப்பாக இசைந்தார். ஜான் விரைவில் எழுதி முடித்துத் தாளை நீட்டினான். ஆசிரியர் அதை ஒதுக்கி வைத்தார். படித்துத் திருத்தித் தருமாறு அவன் மன்றாடிய பிறகே எடுத்துப் பார்த்தார். மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தது. ஆனால் அவரோ பாராட்டுவதற்குப் பதிலாக, முழுவதும் பிறரைப் பார்த்து எழுதியது என்று எல்லார் முன்னிலையிலும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அருகில் இருந்த மாணவர்கள் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். யாருடைய தாள் அவன் தாளைப் போல் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்திருக்கும். ஆசிரியரின் மனமோ மாறவில்லை.

தவறாக எழுதியிருந்தால் அறிவிலி. சரியாக எழுதினால் திருடன்! ஓர் ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய துன்பம் வேறு என்ன வேண்டும்? அந்த ஆசிரியர் அவனைப் பரிசோதித்துப் பார்த்துப் பழிக்கவில்லை. அவன் ஊரைப் பார்த்துப் பழித்தார். எனினும் ஜான் எதிர்த்துப் பேசவில்லை, படிப்பையும் விட்டுவிடவில்லை. 1831 நவம்பரில் கியேரி நகரப் பள்ளிக்குச் சென்று, மீண்டும் கடைசி வகுப்பில் சிறுவர்களோடு அமர்ந்தான். ஓராண்டுக்குள் மூன்று வகுப்புகளைக் கடந்தான்.

அங்கே நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருநாள் பாடநூலை மறந்து வந்துவிட்ட ஜான், இலக்கண நூல் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, பாடநூலைப் பார்ப்பதுபோல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். சீமா என்ற ஆசிரியர் பாடத்தைத் திரும்பச் சொல்லும்படி அவனைப் பணித்தார். அவனோ எழுந்து, மூலத்தையும் விளக்கத்தையும் நினைவிலிருந்தே ஒப்புவித்தான். வகுப்பில் கைதட்டல் எழுந்தது. ஒழுங்கு கெட்டதென்று முதலில் சினந்த ஆசிரியர், காரணத்தை விசாரித்தார், உண்மையை அறிந்தார், அவன் நினைவாற்றலை வியந்து மன்னித்தார். ஏமாற்றுவதுபோன்ற தோற்றம் இங்கேதான் உண்மையாகவே இருந்தது. ஆயினும் விசாரித்த பிறகே இந்த ஆசிரியர் முடிவு செய்தார். முதல்வரிடத்தில் பிள்ளை மனம் புண்பட்டது, இவரிடத்திலோ தளிர்த்தது.

1841-ல் குருவான ஜான் போஸ்கோ, துரின் நகரில் தெருவில் திரிந்த சிறுவர்களைத் தேடிச் சென்று அரவணைத்தார். 1877-ல் தம் கல்விமுறையை எழுதியபோது, அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மேல் அதைக் கட்டினார். மிக அரிதான வேளைகளில் தவிர, மாணவனைப் பிறர் முன்னிலையில் கண்டிக்கலாகாது. தனியே அழைத்து அவனே தன் தவறை உணரும்படி பேச வேண்டும் என்று கற்பித்தார். அவமானப்பட்டவனே அவமானத்தின் எடையை அறிவான் அன்றோ!

அவருடைய மாணவரான புனித தோமினிக் சாவியோவும் மொந்தோனியோ பள்ளியில் படித்தபோது பொய்ப்பழி சுமந்தவரே. பிறர் செய்த பெருங்குற்றத்தை அவர்மேல் சுமத்தினார்கள். அவர் தலைகுனிந்து வாய்திறவாது நின்றார். மறுநாள் உண்மை வெளிவந்தது. ஏன் பேசவில்லை என்று ஆசிரியர் கேட்டார். குற்றம் செய்தவன் பள்ளியிலிருந்தே விலக்கப்படுவானென்று அஞ்சியதாகவும், பொய்க்குற்றம் சுமந்த இயேசு பிரானை நினைத்துக்கொண்டதாகவும் சாவியோ தெரிவித்தார். 1859-ல் வெளிவந்த சாவியோவின் வரலாற்றில் இதைப் பதிவு செய்தவர் ஜான் போஸ்கோவே.

சாவியோவின் மௌனம் பிறனைக் காக்க மனமுவந்து ஏற்ற தியாகம். அதைக் காட்டி, அநியாயத்தைக் கண்டு எல்லாப் பிள்ளைகளும் வாய்மூடி இருக்க வேண்டுமென்று நாம் சொல்லலாகாது. பழி சுமந்த பிள்ளை பணிவோடு உண்மையைச் சொல்லட்டும். தன் தாளைப் பார்க்கும்படி ஜானைப் போல் கேட்கட்டும். மறுபடியும் எழுதிக் காட்ட ஆயத்தமாய் இருக்கட்டும். அதன் பிறகும் நம்பாவிட்டால், பகையை வளர்க்காமல் படிப்பைத் தொடரட்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். உங்கள் மகன் பார்த்து எழுதினான் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தால், கை ஓங்குமுன் காது கொடுங்கள். அதே கணக்கை மீண்டும் போடச் சொல்லிப் பாருங்கள். தவறு உண்மையானால் தனியே திருத்துங்கள். பொய்யானால் அவனோடு கூட நின்று ஆசிரியரிடம் பொறுமையாகப் பேசுங்கள். விசாரியாமல் பழி சொல்வதும் எட்டாம் கட்டளைக்கு எதிரானது என்பதை மறவாதிருப்போம்.

பார்த்து எழுதினான் என்று இகழப்பட்ட அந்தக் கிராமத்துச் சிறுவனை, 1934 உயிர்த்தெழுதல் பெருவிழா நாளில் பதினோராம் பத்திநாதர் புனிதராக உயர்த்தினார். அவர் நிறுவிய சலேசிய சபையினர் 1906-ல் தஞ்சைக்கு வந்து நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கல்விக் கண் திறக்கத் தொடங்கினர். அப்புனிதர் நம் பிள்ளைகளுக்காகவும் அவர்களை வளர்க்கும் நம் அனைவருக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக.