சாலிம் அலியும் காவிரித் தீவுகளும்

பறவைகளைப் பார்த்துக்கொண்டே ஒருவர் வாழ்நாளைக் கழிக்க இயலுமா? அதனால் வயிறு நிறையுமா? பல ஆண்டுகள் நிறையவில்லை என்பதே சாலிம் அலியின் வரலாறு காட்டும் உண்மை.

1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். பத்து வயதளவில் ஒரு நாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி? மாமனுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அதை எடுத்துச் சென்றான் சிறுவன். அவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். கொன்ற குருவி ஒன்று, காக்கும் மனிதரை உருவாக்கியது விந்தையன்றோ!

பட்டத்திற்காகப் படிக்கும் நாம் ஒன்றைக் கருத வேண்டும். சாலிம் அலி படித்துப் பட்டம் பெற்றவரல்லர். பர்மாவில் குடும்பத் தொழில் கைகொடுக்கவில்லை. பட்டமின்மையால் அரசாங்க விலங்கியல் துறையில் வேலையும் கிட்டவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடைத்த சிறு பதவியிலிருந்து விடுப்புப் பெற்றுப் பெர்லின் சென்று, பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் பயின்றார். 1930-இல் திரும்பியபோது அப்பதவியும் பணமில்லையென்று நீக்கப்பட்டிருந்தது. கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மனைவி தெஹ்மீனாவுடன் தங்கி, தூக்கணாங்குருவி கூடு கட்டும் முறையை நாள்தோறும் உற்றுநோக்கி எழுதினார். அக்கட்டுரையே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானந்தோறும் சென்று பறவைகளைக் கணக்கெடுத்தார். உடன் நடந்து, முகாம்களைச் சீர்செய்து, அவருடைய எழுத்தையும் திருத்திக் கொடுத்த தெஹ்மீனா 1939-இல் மறைந்தார். அத்துயரின் காலத்திலேதான் மைசூர்ச் சமஸ்தானத்தின் கணக்கெடுப்பு நடைபெற்றது.

தொம்மலூரிலிருந்து மைசூர்ச் சாலையில் செல்வோர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடந்திருப்பர். அங்கிருந்து சிறிது தொலைவில், பதினேழாம் நூற்றாண்டில் காவிரியின் குறுக்கே எழுப்பிய அணைக்கட்டினால் உண்டான சிறுசிறு திட்டுகள் உள்ளன. ரங்கனதிட்டு என்பது அவற்றின் பெயர். மரமும் மூங்கிலும் நாணலும் அடர்ந்த அத்திட்டுகளில் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் எனக் கூட்டங்கூட்டமாகப் பறவைகள் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் ஓடும் நீரும் அதில் வாழும் முதலைகளுமே கோட்டைச் சுவரும் அகழியும். நரியும் பூனையும் நீந்திவர அஞ்சும். ஆனால் கோடரியோடு படகேறி வரும் மனிதனை அகழி தடுக்குமா?

சாலிம் அலி அதை உணர்ந்தார். அவரிடம் அதிகாரம் ஏதுமில்லை. இருந்ததெல்லாம் கண்ணால் கண்ட கணக்கு. இத்திட்டுகள் பறவைகளின் பெருங்குடியிருப்பு என்பதை எடுத்துரைத்து, காக்கவேண்டுமென்று மைசூர் அரசிடம் வாதாடினார். 1940-இல் ரங்கனதிட்டு சரணாலயமாயிற்று. தமிழகத்தில் வேடந்தாங்கல் உழவர்கள் 1798-இலேயே கலெக்டர் பிளேஸிடம் தம் ஏரிப் பறவைகளுக்குக் காப்புரிமை பெற்ற செய்தியை இங்கே ஒப்பிட்டு மகிழலாம். கேட்டால்தான் கிடைக்கும், ஆனால் எதைக் கேட்கிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இக்கேட்கும் வழக்கத்தை அவர் விடவேயில்லை. பரத்பூர் ஏரியை வற்றவைத்து வயலாக்க நினைத்தபோது நேருவரை சென்று தடுத்தார். அமைதிப் பள்ளத்தாக்கிற்காகவும் குரல் கொடுத்தார். நம் கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையம் பூட்டும் ஆராய்ச்சிக்கும் வழிகாட்டினார். 1941-இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எத்தனையோ இளைஞரைக் காட்டுக்கு அழைத்தது. 1976-இல் பத்ம விபூஷண் பெற்றார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1987 சூன் 20-இல் மறைந்தார்.

தொம்மலூர் ஏரிக்கு அப்படிப் பேச ஒருவர் வாய்க்கவில்லை போலும், அது வீட்டுமனைகளாகிவிட்டது. ரங்கனதிட்டு நிற்கிறது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் அதற்குச் சற்று மேலே கிருஷ்ணராஜசாகர் அணை இருக்கிறது. பெருமழை ஆண்டுகளில் மதகுகள் திறந்தால் தாழ்ந்த திட்டுகள் மூழ்கும், கூடுகள் அடித்துச் செல்லப்படும், கரை கரையும். வெள்ளம் வடிந்தபின் வனத்துறையினர் மணல் மூட்டைகளை அடுக்கி, அறுந்த கரைகளை மீண்டும் கட்டுகின்றனர்.